செய்தி

‘செய்’ என்ற வினையடியோடு ‘தி’ விகுதி சேர்ந்தது செய்தி. உய்தி, கெடுதி போல. முதற்பொருள் செயல். புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஒருவர் செய்த உதவியையே இச்சொல் குறிக்கிறது. தகவல் என்ற பொருள் அங்கில்லை. செய்தது, நடந்தது, நடந்ததைச் சொல்வது என்று பின்னர் நகர்ந்திருக்கிறது. பேச்சில் ‘சேதி’.

இரவு ஒன்பது மணிக்குத் திரை நான்கு கட்டமாகப் பிரிந்து ஆளுக்கொரு மூலையில் கத்துவதையும் இன்று செய்தி என்கிறோம். அதில் ‘தி’ இருக்கிறது, ‘செய்’யைக் காணோம். நிருபரை ஊருக்கு அனுப்பினால் செலவு, வாய்ச்சண்டை மலிவு. 1975இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிறுத்தி நிதானமாக வாசித்தது. ‘வயலும் வாழ்வும்’ போட்டு நாற்றுக்கும் உரத்துக்கும் நேரம் ஒதுக்கியது. விளம்பரதாரர் எவர் அதற்குப் பணம் தருவார்? ஆனால் அமைச்சர் நாடா வெட்டினால் அதுதான் அங்கே தலைப்புச் செய்தி. தொலைக்காட்சி மீதான அந்த அரசுப் பிடியைத் தளர்த்த வந்த பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. தன்னாட்சி ஏட்டில்; சம்பளப் பணம் இன்றும் அரசிடமிருந்து.