காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டி

இந்த எபிசோடு ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட நாங்க கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பைப் பத்தினது. நடுவுல கொஞ்சம் ஜெர்மனி, கொஞ்சம் கலிஃபோர்னியா வரும். ஆனா கதை அம்பத்தூர்லதான்.

நான் பத்தாவது படிக்கும்போது, 2012 வாக்கில், அப்பாகிட்ட ஒரு பழைய டீசல் கார் இருந்தது. செகண்ட் ஹேண்ட், 1990-களின் கடைசியில் தயாரானது. கம்பெனி பேர் வேண்டாம், தப்பு அவங்க மேல இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட் வராது. செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்கிடும். ஒரு தடவை பிடிச்சுட்டா சாயங்காலம் வரை தொல்லையே இல்லை.

மெக்கானிக் அண்ணன் டீசல் ஃபில்டர் மாத்தினார். சரியாச்சு. ரெண்டு வாரத்தில் மறுபடி அதே கதை. இன்ஜெக்டர் நாசில் மாத்தினார். சரியாச்சு, மறுபடி. கடைசியில் பம்ப்பையே கழட்டி சர்வீஸுக்கு அனுப்பினார். பெரிய செலவு. ஒரு மாசம்கூடத் தாங்கலை. "நம்மள ஏமாத்துறான்"னு அப்பா முடிவு பண்ணிட்டார். அந்தக் கடைப் பக்கம் போறதை நிறுத்தினோம். வண்டியையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம்.

டீசல் வண்டி மக்கர் பண்ணா எல்லாரும் ஏன் முதலில் பம்ப்பைச் சந்தேகப்படுறாங்க? அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டின இன்ஜினில், எரிபொருளை உள்ளே தள்ளினது அழுத்தப்பட்ட காற்று. அதுக்குத் தனியா ஒரு கம்ப்ரஸர் வேணும். கப்பலுக்கும் ஃபேக்டரிக்கும் சரி, காருக்கு எப்படி? 1927-ல் ராபர்ட் பாஷ் கம்பெனி டீசல் பம்ப்பை வரிசையா தயாரிக்க ஆரம்பிச்ச பிறகுதான் வழி பிறந்தது. 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி வந்தது. அந்த பம்ப்புக்குள்ள பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். தூசி, தண்ணி எது வந்தாலும் முதலில் அடி வாங்குறது அதுதான். ரோட்டரி பம்ப்பில் இன்னொரு சிக்கல்: உள்ளே தனி ஆயில் கிடையாது. போகிற டீசலேதான் அதுக்கு ஆயில்.

இது எங்க ஏரியாவுக்குத் தூரத்து சமாச்சாரம் இல்லை. சிடிஎச் ரோட்டில் அப்படியே போங்க. பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் லூகாஸ் டிவிஎஸ், 1961-ல் தொடங்கினது. ஆவடியில் டாங்கி ஃபேக்டரி, விஜயந்தா வெளியே வந்த இடம். திருவள்ளூரில் 1998 முதல் லான்சர் செஞ்ச இந்துஸ்தான் மோட்டார்ஸ். அதிலும் டீசல் மாடல் உண்டு. டீசல் விலை பெட்ரோலைவிட ரொம்பக் குறைவா இருந்த காலம். 2014 அக்டோபரில்தான் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. எங்க அப்பா மாதிரி ஆட்கள் கணக்குப் போட்டுத்தான் டீசல் கார் வாங்கினாங்க.

அந்தக் கணக்கில் வராத ஒண்ணு: டீசலே மாறிக்கிட்டு இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் நம்ம டீசலில் 1 சதவீதம், அதாவது 10,000 பிபிஎம் வரை கந்தகம் இருக்கலாம். பிஎஸ்-2 வந்தப்போ 500. 2005-ல் சென்னையில் பிஎஸ்-3, 350. 2010-ல் பிஎஸ்-4, வெறும் 50. இப்போ பிஎஸ்-6-ல் 10. நுரையீரலுக்கு ரொம்ப நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா ஹைட்ரஜன் செலுத்தி கந்தகத்தை எடுக்கும்போது, பம்ப்புக்கு வழவழப்பு தர்ற வேற சில பொருட்களும் கூடவே போயிடும். அதனால மசகுத்தன்மைக்குத் தனியா சேர்க்கை போடுறாங்க. கூடவே அரோமாட்டிக்ஸும் குறையலாம். பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள் அதில் ஊறி உப்பி இருந்துதான் இடைவெளியை அடைச்சிருக்கும். அது குறைஞ்சா ரப்பர் சுருங்கும்.

1993 அக்டோபரில் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்ததும் இதுதான் நடந்தது. குறிப்பா கலிஃபோர்னியாவில் பழைய வண்டிகளின் பம்ப் சீல்கள் ஒழுக ஆரம்பிச்சது. நம்ம பாஷையில் சொன்னா, கோடில் ஒரு வரிகூட மாத்தலை, கீழே இருந்த லைப்ரரி மாறிடுச்சு.

எங்க வீட்டில் இந்தக் கோணமே வரலை. அப்பா "கலப்படம்"னு சொல்வார். அதுவும் சும்மா இல்லை. மானிய மண்ணெண்ணெயை டீசலில் கலக்கிறது அப்போ நாடு முழுக்க இருந்த பிரச்சினை. கலப்படம் செஞ்ச பங்க்குக்கு சீல் வெச்ச இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகத்தை 2005-ல் உத்தரப் பிரதேசத்தில் கொன்னாங்க. ஆனா எங்க வண்டியின் அறிகுறி வேற மாதிரி. கலப்பட டீசல் காலையில் மட்டுமா வேலையைக் காட்டும்?

டேங்கில் இருந்து பம்ப் வரைக்கும் இருக்கிற லைனில் டீசலை உறிஞ்சி இழுக்கிறாங்க. அங்கே ஹோஸ் விரிஞ்சா டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ராத்திரி முழுக்க டீசல் மெதுவா டேங்குக்கே திரும்பிடும். காலையில் பம்ப் இழுக்கிறது வெறும் காற்று. தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. ஃபில்டர், நாசில், பம்ப் எதை மாத்தினாலும் ஏர் எடுத்து ஜாயிண்டை இறுக்குவாங்க. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் சில நாள் சரியா இருந்தது!

கண்டுபிடிக்கிறது சுலபம். பம்ப்புக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி தெரியற ஒரு டியூபைப் போட்டுக் குமிழி வருதான்னு பாருங்க. இல்லைன்னா ஒரு கேனில் சுத்தமான டீசலை பம்ப்புக்கு மேலே வெச்சு, அதில் இருந்து நேரா லைன் கொடுத்து ராத்திரி விடுங்க. காலையில் உடனே பிடிச்சா பம்ப் நிரபராதி, குற்றவாளி டேங்க் பக்கம். கிட் பைசெக்ட்தான், கையில் கிரீஸோட.

வண்டி இப்போ இல்லை, அதனால என்னால நிரூபிக்க முடியாது. புது டீசலும் 15 வருஷச் சூடும் சேர்ந்து அந்த ரப்பரை முடிச்சிருக்கும்னுதான் நினைக்கிறேன். போன மாசம் அந்தக் கடைக்குப் போனேன். அண்ணன் அடையாளம் கண்டுக்கிட்டார். இதையெல்லாம் சொன்னேன். ஒரு ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டே கேட்டார். "தம்பி, ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடலாம்னு நான் ரெண்டாவது தடவையே சொன்னேன். ஒழுகவே இல்லையே, எதுக்கு மாத்தணும்னு உங்கப்பாதான் கேட்டார்."

அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. இந்த எபிசோடைக் கேட்பார்.