ஒரு கெம்பஸ் பிள்ளையின் பைக்குள் இருந்தவை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று போகும் காலை பஸ்ஸில் நாங்கள் இரண்டு டீச்சர்மார் ஒரே சீட்டில் போய்வருகிறோம். போன கிழமை எங்களிடம் படித்த ஒரு மகள் நிந்தவூரில் ஏறினார். இப்போது ஒலுவில் கெம்பஸில் இரண்டாம் வருடம். ஏறியதிலிருந்து பையைக் கிண்டிக்கொண்டே நின்றார்.

"என்ன மகள் தேடுறீங்க?"

"ஐ.டி.யக் காணல்ல டீச்சர்."

ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் மடியில் வைத்தார். குடை, சோற்றுப் பெட்டி, இரண்டு கொப்பி, பேனை பென்சில், தண்ணிப் போத்தல், பவர் பேங்க், ஒரு பிளாஸ்டிக் ஃபைல். வரலாறு படிப்பிக்கிறவர்கள் மடியில் இப்படிச் சாமான்களை வைத்தால் சும்மா இருப்போமா? இறங்கும் வரைக்கும் அதைப் பற்றித்தான் கதை.

முதலில் குடை. 1660இல் கண்டி மன்னரிடம் பிடிபட்டு 1679இல் தப்பிப்போன ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் நம் நாட்டுத் தாளிப்பனை ஓலையைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். ஒரே ஓலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்குமாம். விசிறி போல மடித்தால் கையில் அடங்கிவிடும். வழிப்போக்கர்கள் பகலில் தலைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள், இரவில் அதையே கூடாரமாக்கிப் படுப்பார்கள். இதே தாளிப்பனை ஓலையைப் பதப்படுத்தித்தான் சிங்கள ஏட்டுச் சுவடிகளையும் எழுதினார்கள். அதாவது இந்த மகளின் பைக்குள் இருந்த குடைக்கும் கொப்பிக்கும் ஒரு காலத்தில் ஒரே மரம்!

பென்சிலுக்குள் இருக்கும் காரீயமும் நமக்கு அந்நியமில்லை. பாறைக்குள் நரம்பு போல ஓடும் உயர்தரக் காரீயம் போகலவிலும் கஹட்டகஹவிலும் கிடைக்கிறது. முதலாம் உலகப் போர் காலத்தில் அதன் ஏற்றுமதி உச்சத்தில் இருந்தது. டி.எஸ். சேனாநாயக்கவின் குடும்பமும் காரீயச் சுரங்கத்தால் செல்வம் சேர்த்த குடும்பம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி பென்சிலுக்குப் போகவில்லை, உலோகம் உருக்கும் மூசைகள் செய்யப் போனது. கொப்பியைப் பற்றிச் சொல்வதென்றால், 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த வருடம் ஒரு கொப்பியின் இரண்டு பக்கமும், ஓரத்திலும்கூட, பிள்ளைகள் எழுதியதை நாம் திருத்தியிருக்கிறோம்.

சோற்றுப் பெட்டியைப் பற்றி அதிகம் இல்லை. வாழையிலையில் கட்டிய சோறு லன்ச் சீட்டுக்கு மாறியது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன பிறகு, அந்த வருடம் செப்டம்பர் முதலாம் திகதி பொலித்தீன் லன்ச் சீட் தடைசெய்யப்பட்டது. பெட்டி திரும்பி வந்தது. வாழையிலை திரும்பி வரவில்லை. அதன் வாசம் தெரியாத ஒரு தலைமுறை வந்துவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் கவலைதான்.

இனி அந்தக் காணாமல்போன ஐ.டி. ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968இல் வந்தது. அட்டைகள் 1972இலிருந்து வழங்கப்பட்டன. பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. 2016இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்கத்திலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் நான்கு இலக்கமாகிவிட்டது.

ஆனால் எங்கள் தலைமுறைக்கு இலக்கத்தை விட மொழிதான் ஞாபகம். வடக்குக் கிழக்கில் தந்த அட்டையில் சிங்களமும் தமிழும் இருக்கும். மற்றப் பகுதிகளில் தந்ததில் சிங்களம் மாத்திரம். நாடு முழுக்க இரண்டு மொழியிலும் அட்டை வந்தது 2014இல்தான். அதனால் யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டினால், பெயரை வாசிக்க முன்னமே நாம் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். பஸ்ஸால் இறங்கி, வரிசையில் நடந்து, அட்டையைக் காட்டி, மறுபடி ஏறி, அதன் பிறகுதான் வகுப்பு. அந்த நாட்களில் புத்தகத்தை மறந்து வந்த மாணவர் உண்டு. ஐ.டி.யை மறந்து வந்தவர் இல்லை.

ஒலுவில் கெம்பஸே அந்தக் காலத்தின் பிள்ளைதான். யுத்தத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமல்போன மாணவர்களுக்காக, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995இல் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பமானது. அடுத்த வருடம் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது.

அந்த மகளின் ஃபைலைத் திறந்து பார்த்தோம். பிறப்புச் சான்றிதழ், ஓ.எல். ஏ.எல். பெறுபேறுகள், கிராம சேவகர் கடிதம், எல்லாவற்றிலும் மூன்று மூன்று போட்டோ கொப்பி. ஒவ்வொன்றும் தனித்தனிப் பொலித்தீன் உறையில். "இத ஏன் மகள் ஒவ்வொரு நாளும் சுமக்கிறீங்க?" என்று கேட்டோம். "உம்மா வீட்டில வைக்க விடமாட்டா டீச்சர். தண்ணி வந்தா என்ன செய்யிறது என்பா."

எங்களுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது கரையில் தப்பியவர்களின் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சவில்லை. தான் யார், எந்த ஸ்கூலில் எதுவரை படித்தோம் என்பதை ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் நின்று மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். நகையும் காசும் பறிபோன கதையைத்தான் அதிகம் சொல்கிறோம். சான்றிதழை விட்டுவிட்டு வந்து, புத்தளத்து அகதி முகாமில் எந்த வகுப்பில் சேர்வது என்று தெரியாமல் நின்ற பிள்ளைகளின் கதையை யாரும் பெரிதாக எழுதவில்லை. இந்தப் பதிவை வாசிக்கும் அந்தப் பிள்ளைகளில் யாராவது (இப்போது நாற்பது ஐம்பது வயதிருக்கும்) கமென்டில் எழுதினால் எங்கள் மாணவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவோம்.

பையைப் பற்றியும் ஒன்று. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மே மாதம் பாடசாலைகள் திறந்தபோது வாசலில் எல்லாப் பைகளும் சோதிக்கப்பட்டன. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பைகள் கடைகளில் தொங்கின. எல்லோருக்கும் ஒரே சோதனைதான் என்றார்கள். சில இடங்களில் பர்தா போட்ட பிள்ளையின் பை மேல் கண்கள் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியதை நாம் பார்த்தோம். தன் சோற்றுப் பெட்டியைத் தானே முந்திக்கொண்டு திறந்து காட்டப் பழகிய பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த மகள் அப்போது எங்கள் வகுப்பில்தான் இருந்தார்.

ஐ.டி. கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? போனின் பின் கவருக்குள்! எங்கள் சந்தோஷத்தைப் பார்த்து கொண்டக்டரும் சிரித்தார்.

ஒலுவில் சந்தியில் அவசரமாக இறங்கியதில் குடை எங்கள் சீட்டிலேயே தங்கிவிட்டது. மகள், இதை வாசித்தால் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலம் தொடங்குது.