மாதம் பார்த்துப் புறப்பட்டவர்கள்

கேரளத்தின் அதியன்னூரிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை பாறசாலையைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் தேங்காப்பட்டணம். 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரிக்கும்வரை இந்த ஊர்களெல்லாம் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன. 1778-ல் இரண்டு பாதிரியார்கள் இந்த வழியாகத்தான் கப்பல் தேடி மதராஸுக்குப் போனார்கள். அவர்கள் போய்ச் சேரவேண்டிய ஊர் ரோம்.

ஒருவர் கரியாட்டில் ஜோசப், மற்றவர் பாறேம்மாக்கல் தோமா கத்தனார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் கோரிக்கைகளைப் போப்பிடமும் போர்ச்சுக்கல் அரசியிடமும் நேரில் வைப்பது அவர்கள் வேலை. கரியாட்டில் இளமையிலேயே ரோமில் படித்தவர். அங்குள்ள மொழியும் நடைமுறையும் தெரிந்தவர். அப்படியொருவர் முன்னே நடந்ததுதான் அந்தப் பயணத்தின் பெரிய பலம். மனுக்கள் எழுதி வாங்கியாயிற்று. வழிச்செலவுக்குச் சமுதாயம் கைகொடுத்தது. காயங்குளம்வரை வள்ளத்தில் வந்து, தேங்காப்பட்டணம், தூத்துக்குடி வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே மதராஸ் சேர்ந்தார்கள்.

பருவம் தவறாமல் மதராஸ் சேர்ந்ததன் பொருள் கடலறிந்தவர்களுக்குப் புரியும். பாய்க்கப்பல் காலத்தில் நன்னம்பிக்கை முனைக்குப் போகிறவர்களுக்கு வாடைக்காற்றே துணை. வடகிழக்குப் பருவம் தொடங்கிய பிறகு கிளம்பினால் காற்று முதுகில் தள்ளும். தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். ஆனால் சோழமண்டலக் கரையில் புயல் அடிப்பதும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான். மதராஸில் அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி அலைகளைத் தாண்டிப் போகவேண்டும். அந்தப் படகில் ஆணி இருக்காது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த படகை அந்த அலை உடைத்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். முதல்முறை ஏறுகிறவர்களுக்கு ரோம்வரையிலான தூரத்தைவிட இந்தக் கொஞ்சதூரம் அதிகப் பயத்தைத் தந்திருக்கும்.

1778 நவம்பரில் கப்பல் கிளம்பியது. ஆப்பிரிக்க முனையைச் சுற்றியபின் நேரே வடக்கே போகவில்லை. தென் அட்லாண்டிக்கின் காற்று கப்பல்களை மேற்கே தள்ளுவதால், போர்ச்சுக்கீசியர் பிரேசில் கரையைத் தொட்டுப் போவதே வழக்கம். இவர்களும் பாயியா துறையில் இறங்கினார்கள். லிஸ்பனை அடைந்தது 1779 ஜூலையில்; ரோம் சேர மறுவருஷம் பிறந்துவிட்டது. திரும்பி 1786-ல் கோவா வந்தபோது, அதற்குள் பேராயராகியிருந்த கரியாட்டில் அங்கேயே காலமானார். பயணத்தைக் கத்தனார் மலையாளத்தில் எழுதிவைத்தார். இந்திய மொழிகளின் தொடக்ககாலப் பயண நூல்களில் தலையாயதான அந்த ‘வர்த்தமானப் புஸ்தகம்’ 1936-ல்தான் முதலில் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டு அது ஏட்டிலேயே கிடந்தது பெரிய இழப்பு.

நீராவிக் கப்பலும் 1869-ல் திறந்த சூயஸ் கால்வாயும் காற்றுக்குக் காத்திருக்கும் வேலையை ஒழித்தன. 1930-களில் காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக உலகமெங்கும் அலைந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்த ஏ.கே. செட்டியார் தேடவேண்டியிருந்தது காற்றை அல்ல. யாரிடம் எந்தப் படச்சுருள் இருக்கிறது என்ற தகவலை. இன்று கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் வந்து நிற்கும் கன்டெய்னர் கப்பல்களும் மாதம் பார்ப்பதில்லை.

பாய்மரத்தில் உலகைச் சுற்றக் கிளம்பியவர்களுக்கு மட்டும் அந்தப் பழைய கணக்கு மாறவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா ஆகிய இரண்டு கடற்படை அதிகாரிகள் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து ‘தாரிணி’யில் கிளம்பினார்கள். ஐம்பத்தாறு அடிப் படகு. வேறு ஆள் கிடையாது. அதற்குமுன் மூன்று வருஷப் பயிற்சி. 2013-ல் தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி முடித்த அபிலாஷ் டோமி அவர்களுக்கு ஆசான். முதலில் மற்றவர்களோடு கடல் கடந்து பழகினார்கள். பிறகு இருவர் மட்டும் போர்ட் பிளேர் போய்வந்தார்கள், மொரீஷியஸ் போய்வந்தார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருந்து பாயைப் பார்க்கவேண்டும். கிழிந்த பாயைத் தைப்பது முதல் காயத்துக்கு மருந்து போடுவது வரை அந்த இருவர் கையில்தான்.

அக்டோபரைத் தேர்ந்ததற்குக் காரணம் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை. அதைத் தென்கோளக் கோடையில் கடந்தாகவேண்டும். குளிர்காலத்தில் அந்தக் கடல் சிறுபடகுகளை விட்டுவைக்காது. அந்த முனையிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் தங்கும் நாட்களைக்கூட வகுத்தார்கள். கணக்குப்படி 2025 பிப்ரவரியில் முனையைக் கடந்தார்கள். தென்மேற்குப் பருவமழைக்குமுன் வீடு திரும்புவது அடுத்த கணக்கு. வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தைத் தொடும் மழை அந்த வருஷம் மே 24-லேயே வந்துவிட்டது. தாரிணி கோவா சேர்ந்தது மே 29-ல்.