லாகூருக்குப் போன இரண்டு இந்தியர்கள்

1980 பிப்ரவரி, நியூசிலாந்தின் டுனிடின். மைக்கேல் ஹோல்டிங் வீசிய பந்து ஜான் பார்க்கரை உரசிக்கொண்டு கீப்பரின் கைக்குப் போனதாக மேற்கிந்திய அணியே கத்தியது. அம்பயரின் விரல் உயரவில்லை. ஹோல்டிங் விறுவிறுவென்று நடந்து போய், ஸ்டம்புகளை எட்டி உதைத்துப் பெயர்த்தார். அந்த டெஸ்டில் நியூசிலாந்து ஜெயித்தது ஒரே ஒரு விக்கெட்டில். அடுத்த டெஸ்டில் கோபம் இன்னும் முற்றியது. பந்துவீச ஓடிவந்த காலின் கிராஃப்ட், அம்பயர் ஃபிரெட் குடால் மீதே போய் மோதினார்.

ஆட்டத்தை நடத்தும் நாடே இரண்டு அம்பயர்களையும் நிறுத்துவதுதான் அன்றைய வழக்கம். பழகிய ஆடுகளமும் பழகிய வெயிலும் சொந்த மண்ணின் நியாயமான பலங்கள். அம்பயரும் அந்தக் கணக்கில் சேர்ந்தபோதுதான் சந்தேகம் முளைத்தது. 1912இல் இங்கிலாந்தில் நடந்த முத்தரப்புப் போட்டியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடியபோது ஆங்கிலேய அம்பயர்கள் நின்றார்கள். இரு அணியையும் சேராத அம்பயர்கள் அங்கே நின்றது அந்தப் போட்டி அமைந்த விதத்தால், அவ்வளவே. பின்னாளில், பாகிஸ்தானுக்குப் போய்வந்த அணிகள் அங்குள்ள அம்பயர்கள் மீது சொன்ன புகார்கள் குவிந்துகொண்டே இருந்தன. அந்தப் பேச்சு அதிகம் உறுத்திய மனிதர், பாகிஸ்தானின் கேப்டனாகவே இருந்தார்.

தன் அணியின் வெற்றியை யாரும் அம்பயரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதில் இம்ரான் கான் பிடிவாதமாக இருந்தார். 1986இல் வந்தது விவியன் ரிச்சர்ட்ஸின் மேற்கிந்திய அணி. ஃபைசலாபாத் டெஸ்டில் அப்துல் காதிர் 16 ரன்களுக்கு 6 விக்கெட் சாய்க்க, அந்த மாபெரும் அணி 53 ரன்னில் சுருண்டது. தொடரில் முன்னிலை பெற்றாயிற்று. வேறொரு கேப்டன் என்றால் பேசாமல் இருந்திருப்பார். இம்ரானோ இரு அணியையும் சேராத அம்பயர்கள் வேண்டும் என்றார். லாகூரில் அடுத்த டெஸ்டுக்கு வெள்ளைக் கோட்டுடன் இறங்கியவர்கள் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த இரண்டு இந்தியர்கள்: வி.கே.ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர்.

பாகிஸ்தான் 131க்கும் 77க்கும் சுருண்டு, மூன்றே நாளில் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. இம்ரானின் யோசனை அவருக்குத் தந்த முதல் பரிசு இதுதான். ஆனாலும் கராச்சி டெஸ்டுக்கு அதே இரண்டு பேரே நின்றார்கள். அது டிராவாக, தொடர் 1-1 என்று முடிந்தது. கிரிக்கெட்டில் இதைவிடப் பெரிய நேர்மை ஒன்றை நினைவுகூர்வது கடினம். என்றாலும் மற்ற நாடுகள் அசையவில்லை. அவற்றை அசைக்க ஒரு சண்டை தேவைப்பட்டது.

1987 டிசம்பரில் அதே ஃபைசலாபாத்தில், பேட்ஸ்மேனுக்குத் தெரியாமல் ஃபீல்டரை நகர்த்தினார் என்று இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங் மீது அம்பயர் ஷகூர் ராணா குற்றம்சாட்டினார். இருவரும் விரலை நீட்டி மோதிக்கொண்ட படம் உலகம் முழுக்கப் போனது. மன்னிப்பு கேட்கும்வரை ஆட்டமில்லை என்றார் ராணா. ஒரு நாள் முழுவதும் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. கடைசியில் கேட்டிங் ஒரு காகிதத்தில் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார்.

1989இல் இந்தியா பாகிஸ்தானுக்குப் போனபோது ஜான் ஹாம்ப்ஷயர், ஜான் ஹோல்டர் என்ற இரண்டு இங்கிலாந்து அம்பயர்கள் நின்றார்கள். சச்சின் டெண்டுல்கர் என்ற பதினாறு வயதுப் பையன் அறிமுகமானது அவர்கள் முன்னால்தான். 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஓர் அம்பயர் வெளிநாட்டவர் என்பது விதியானது. 2002இல் இருவருமே வெளிநாட்டவர் ஆனார்கள். அதற்காக சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐ.சி.சி.) அமைத்த முதல் எலைட் அம்பயர் குழுவில் நம் வெங்கட்ராகவனும் இருந்தார். நடுநிலை அம்பயர் பிறந்துவிட்டார்.

2020இல் கொரோனா விமானங்களை நிறுத்தியதும் உள்ளூர் அம்பயர்களே மீண்டும் நின்றார்கள். அதற்கு ஈடாக ஒவ்வோர் அணிக்கும் அம்பயரின் முடிவை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கும் டி.ஆர்.எஸ். ரிவ்யூ இன்னிங்ஸுக்கு ஒன்று கூடுதலாகக் கிடைத்தது. வெளிநாட்டு அம்பயர்கள் திரும்பி வந்த பிறகும் அந்த மூன்றாவது ரிவ்யூவை யாரும் பறிக்கவில்லை.