கருவியை விற்ற குரல்கள்

தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், அந்நகரத் தமிழரின் குடியிருப்பாக நெடுங்காலமாக அறியப்பட்டு வருவது. வாழையிலைக்கும் காப்பிப்பொடிக்கும் பூச்சரத்துக்கும் அவர்கள் நாடிச் செல்லும் இடம் அது. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963-இல் வெளிவந்தபோது, அதனை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியின் ஆலை அதே நகரின் வடபுறத்தில், டம் டம்மில் இயங்கிக்கொண்டிருந்தது. தென்னாட்டுக் குரல்கள் வங்காளத்து ஆலையில் தட்டாகித் தமிழர் வீடுகளை அடைந்த இந்த வரலாறு, வணிகவியல் இன்றும் எழுப்பும் கேள்வி ஒன்றுக்கு விடை தருகிறது. மக்கள் வாங்குவது கருவியையா, அதில் ஓடுவதையா?

வீடியோ கேம் வரலாற்றில் இக்கேள்விக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகள் இரண்டு. 1977-இல் சந்தைக்கு வந்த அட்டாரி கருவியின் விற்பனை, 1980-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டம் அதற்கென வெளியிடப்பட்ட பின்னர்ப் பன்மடங்கு பெருகியது. 1989-இல் அமெரிக்காவில் கேம் பாய் கருவியை அறிமுகப்படுத்திய நின்டெண்டோ, தனக்குப் பெயர் தேடித் தந்த மாரியோவை விடுத்து, 'டெட்ரிஸ்' ஆட்டத்தைக் கருவியுடன் சேர்த்து விற்றது. சிறுவருக்கான பொருள் அதனால் பெரியவர் கைக்கும் சென்றது. இரு நிகழ்விலும் கருவியின் தலைவிதியை எழுதியது ஆட்டத் தேர்வே.

இப்பாடம் கல்கத்தாவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. இலண்டன் கிராமபோன் கம்பெனி 1901-இல் அங்கே கிளை அமைத்தது. ஐரோப்பியப் பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்திய இல்லங்களுக்குள் பெட்டியை நுழைக்க இயலாது என்பது விளங்கவே, ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் 1902-இல் அனுப்பப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் கௌஹர் ஜான் பாடினார். பாடலின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகளை உருவாக்கியது ஜெர்மனியின் ஹனோவர் ஆலை. மொழி அறியாத அங்குள்ள பணியாளர் பாடியவரை அடையாளம் காண அவ்வறிவிப்பு உதவியது. 1908-இல் சியால்டாவில் ஆலை எழுந்தபின் அந்தக் கடற்பயணம் தேவையற்றுப் போனது.

போட்டியும் உடனே முளைத்தது. குந்தலீன் கூந்தல் தைலத்தால் புகழ்பெற்ற வணிகர் ஹேமேந்திர மோகன் போஸ், சுதேசி இயக்கக் காலத்தில் இரவீந்திரநாத் தாகூரின் குரலை மெழுகு உருளைகளில் பதிந்து விற்றார். உருளையைக் கிராமபோனில் கேட்க இயலாது. அதற்குப் போனோகிராப் வேண்டும். பின்னர் அவர் பிரான்சின் பதே நிறுவனத்துடன் இணைந்து வெளியிட்ட தட்டுகளுக்கும் இதே நிலைதான். பதே தட்டில் ஊசி மேலும் கீழும் அசையும். கிராமபோன் தட்டிலோ பக்கவாட்டில் அசையும். ஒன்றுக்கான கருவியில் மற்றது ஒலிக்காது. தாகூரின் குரலை விரும்பியவர் அதற்குரிய கருவியையும் வாங்க வேண்டியிருந்தது. ஓர் ஆட்டத்தை ஒரே கருவிக்கென ஒதுக்கிவைக்கும் இன்றைய வழக்கத்தின் முன்வடிவம் இதுவெனலாம்.

தமிழ்நாட்டில் இதே உண்மையைக் கடைப்பலகையில் நின்று கற்றவர் ஏ. வி. மெய்யப்பன். காரைக்குடியில் தந்தையாரின் கடையில் இசைத்தட்டு விற்றவர், 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மானிய ஓடியன் முத்திரையில் தமிழ்த் தட்டுகளைத் தாமே வெளியிடலானார். வாடிக்கையாளர் எந்தக் குரலைக் கேட்டு வருகிறார் என்பதை அறிந்த விற்பனையாளரே பதிப்பாளராக மாறினார்.

வீடியோ கேம் கருவியின் இந்திய வரலாறு இவ்வாறு அமையவில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வெளிவந்தது 2000-இல். முழுவதும் இந்தியாவிலேயே உருவான அதன் முதல் ஆட்டமாகிய 'ஹனுமான்: பாய் வாரியர்' ஐதராபாத்திலிருந்து வந்தது 2009-இல். கிராமபோன் கம்பெனி கிளை திறந்த மறு ஆண்டே உள்ளூர்க் குரலைத் தேடிச் சென்றது. ஆட்டக் கருவிக்கோ உள்ளூர்ப் படைப்பு வந்து சேர ஏறத்தாழ ஒரு தலைமுறைக் கருவியின் ஆயுளே கழிந்துவிட்டது.

இவ்வொப்பீட்டில் விற்பனைக் கணக்கினும் பெரிதான ஒன்று அடங்கியுள்ளது. எதைப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தவர்கள் பண்பாட்டுக் காவலர் அல்லர். பெட்டி விற்க வந்தவர்கள். ஆயினும் அக்காலத்து ஒலிப்பையும் பாடும் முறையையும் ஆராய்வோருக்கு இன்று எஞ்சியிருப்பது அவர்கள் இட்ட பட்டியலே. பட்டியலில் இடம்பெறாத குரல் கேட்கப்படாமலே போனது. இடம்பெற்ற குரலுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. போஸின் உருளைகளிற் பெரும்பாலானவை அழிந்தன; தாகூரின் அக்காலக் குரலில் நமக்குக் கிட்டியது சிறு பகுதியே. ஒரு கருவிக்கென மட்டும் கட்டப்பட்ட படைப்பு, அந்தக் கருவி வழக்கொழியும்போது தானும் ஊமையாகிறது. ஆட்டங்களை ஆவணப்படுத்த முனைவோர் கல்கத்தாவின் இந்த இழப்பிலிருந்தே தொடங்கலாம்.