கோபுரத்துக்கு முன்பே தொடங்கிய வானொலி

சற்றே நீண்ட பதிவு. சமுதாய வானொலி தொடங்க விரும்பும் தன்னார்வக் குழுக்களுக்கு இவ்வரலாறு பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

இந்தியாவில் வானொலியை முதலில் நடத்தியவர்கள் ஆர்வலர்களே; அரசு பின்னரே வந்தது. 1923இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலி மன்றங்கள் தோன்றின. 1924 மே 16இல் சென்னை மாகாண வானொலி மன்றம் உருவாகி, சூலை 31இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய அம்மன்றத்திடம் இருந்தது ஒரு சிறிய ஒலிபரப்பி. 1927 அக்டோபரில் பண நெருக்கடி அதை மூடியது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயிற்று; 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி அதைக்கொண்டு ஒலிபரப்பியது.

மூன்றே ஆண்டுகளில் மன்றம் முடிந்துபோனதற்குப் பணமின்மை மட்டும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. அன்று வானொலிப்பெட்டி வசதி படைத்த சில வீடுகளில்தான் இருந்தது. கேட்போர் சிலர், பேசுவோர் அவர்களினும் சிலர். நிலையம் நின்றால் தனக்கு இழப்பு என்று கருதக்கூடிய ஓர் ஊர் அதன் பின்னால் உருவாகியிருக்கவில்லை.

1930இல் அரசு வானொலியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1936இல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் பெயர் வந்தது. அரசின் தனியுரிமைக்குச் சட்ட அடிப்படை 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். வானொலி என்ற ஒன்றே இல்லாத காலத்தில் கம்பித் தந்திக்காக இயற்றப்பட்ட அச்சட்டம், ஆங்கிலேயர் சென்ற பின்னும் வானலைகளை ஆண்டது.

அந்தப் பூட்டை அசைத்தது கிரிக்கெட் என்பது வியப்புக்குரியது. 1993இல் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை யாருக்கு என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் மூண்ட வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி பி. பி. சாவந்த் எழுதிய தீர்ப்பு, வானலைகள் பொதுச்சொத்து என்று கூறியது. அவற்றின் பயன்பாட்டைப் பொதுநலன் கருதி ஒரு பொது அமைப்பு நெறிப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது.

பொதுச்சொத்து என்றான பின் அது யார் யாருக்கு எந்த வரிசையில் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். முதலில் ஏலம் வந்தது. 2001இல் பெங்களூருவில் தனியார் வணிகப் பண்பலை ஒலித்தது. அடுத்து, 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எப்.எம்.’ நாட்டின் முதல் வளாக வானொலியாகத் தொடங்கியது. ஊர்மக்களின் அமைப்புகளுக்கு அனுமதி கிடைத்தது 2006 நவம்பரில்தான். அதே ஆண்டின் தொடக்கத்தில், பீகாரின் மன்சூர்பூரில் இளைஞர் ஒருவர் சொற்பச் செலவில் தாமே இணைத்த கருவியால் நடத்திவந்த ஊர் வானொலி, உரிமம் இல்லை என்று மூடப்பட்டிருந்தது.

இந்தக் காத்திருப்பை ஒரு நிலையம் எப்படிக் கழித்தது என்பதுதான் இப்பதிவின் மையம்.

அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில், இன்றைய தெலங்கானாவில், சாகிராபாத் வட்டாரத்தில் பஸ்தாபூர் என்னும் சிற்றூர் உள்ளது. தக்காண வளர்ச்சிக் கழகம் அங்கே 1980களிலிருந்து, பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட ஊர்ச் சங்கங்களோடு இயங்கிவருகிறது. சிறுதானியச் சாகுபடியும் விதைப் பாதுகாப்பும் அச்சங்கங்களின் முதன்மையான பணிகள். 1998இல் யுனெஸ்கோவின் துணையோடு அருகிலுள்ள மாச்சனூரில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைந்தது. கூடம் தயார், பேச ஆள் தயார். ஒலிபரப்பத்தான் அனுமதி இல்லை.

அப்பெண்கள் ஒலிநாடாவைக் கையில் எடுத்தார்கள். விதை, பயிர், மருந்துச்செடி, பண்டிகை, பாட்டு என்று பதிவுசெய்தார்கள். அந்நாடாக்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச்செய்தார்கள். கேட்டவர்கள் விவாதித்தார்கள். இப்படி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றன.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அந்நாடாக்களில் பதிவான தெலுங்கு. தெலுங்கும் கன்னடமும் மராத்தியும் உருதுவும் அருகருகே வழங்கும் வட்டாரம் அது. அரசு வானொலியின் தரப்படுத்திய நடைக்கும் வயலில் நிற்கும் பெண்ணின் பேச்சுக்கும் இடைவெளி பெரிது. ஒரு தானியத்தின் வகைகளுக்கும், மண்ணின் குணங்களுக்கும், களையெடுப்பின் கட்டங்களுக்கும் உரிய சொற்கள் வட்டார வழக்கில்தான் உயிரோடு இருக்கின்றன. பாடநூல் மொழியில் பேசச் சொன்னால் அச்சொற்களோடு அறிவும் உதிர்ந்துவிடும். எந்தப் பேச்சு ஒலிவாங்கிக்குத் தகுந்தது என்ற கேள்வியை, கோபுரம் உயிர்பெறும் முன்பே அப்பெண்கள் தீர்த்துவிட்டிருந்தார்கள்.

2008 அக்டோபர் 15, உலக ஊரகப் பெண்கள் நாள். அன்று ‘சங்கம் ரேடியோ’ 90.4 மெகாஹெர்ட்சில் ஒலிக்கத் தொடங்கியது. தொடங்கிவைத்தவர், 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய அதே சாவந்த். நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள், ‘ஜெனரல்’ நர்சம்மா, அல்கோல் நர்சம்மா என்னும் இரு தலித் பெண்கள். பத்தாண்டுப் பதிவுகளும் பழகிய கேட்போரும் முதல் நாளிலேயே அவர்களிடம் இருந்தார்கள். சென்னை மன்றத்திடம் இல்லாதிருந்தது இதுவே.

இவ்வரலாறு நிறைவான முடிவை எட்டிவிட்டது என்று சொல்வதற்கில்லை. நாட்டில் இன்று சில நூறு சமுதாய வானொலிகள் இயங்குகின்றன; அவற்றில் கணிசமானவை கல்வி நிறுவனங்களுடையவை. பணமும் ஓயாத கவலை. 2012இல் அலைவரிசைக்கான ஆண்டுக் கட்டணம் 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நிலையங்கள் ஒன்றுகூடி எதிர்த்த பின்னரே உயர்வு கைவிடப்பட்டது.

எல்லாவற்றினும் பெரிய தடை செய்தி தொடர்பானது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இயலாது. அரசு வானொலியின் செய்தியை மாற்றமின்றி அஞ்சல் செய்யலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு, குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகள் செய்தியாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே ஊர்ப் பாலம் உடைந்தால் மாற்று வழியில் செல்லுங்கள் என்று அறிவிக்கலாம். ஏன் உடைந்தது, கட்டியவர் யார் என்று கேட்டால் அது செய்தியாகிவிடும் என்ற அச்சம் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருப்பவரைப் பற்றிக்கொள்கிறது. பொதுச்சொத்தில் மக்களுக்குக் கிடைத்த பங்கு, அறிவிப்போடு நின்று கேள்விக்கு முன் முடிகிறது.

தொடங்க விரும்புவோர் ஒலிபரப்பியின் விலையையும் கோபுரத்தின் உயரத்தையும் பற்றியே முதலில் விசாரிக்கிறார்கள். 100 வாட் ஆற்றலும் 30 மீட்டர் உயரமும் வரம்பு. அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் அமைப்பு குறைந்தது மூன்றாண்டுகள் அவ்வட்டாரத்தில் பணியாற்றியிருக்க வேண்டும் என்பது விதி. அம்மூன்றாண்டுகளை வெறும் காத்திருப்பாகக் கழிக்க வேண்டாம். கைப்பேசியிலேயே பதிவுசெய்யுங்கள், பத்துப் பேர் கூடும் திண்ணையில் ஒலிக்கச்செய்யுங்கள், அவர்கள் எதைத் திருத்துகிறார்கள், எதை மறுபடியும் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உரிமம் வரும் நாளில் உங்கள் ஊருக்கு ஒரு வானொலி ஏற்கெனவே பழகியிருக்கும்.