இமை திறந்த கணம்

திரைப்படம் என்றாலே ஓட்டம் எனப் பொருள்கொண்டு பழகியவர்களுக்கு, அசையாத நிழற்படங்களை அடுக்கியே ஒருவர் திரைக்கதை சொன்னார் என்பது வியப்பளிக்கக்கூடும். பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் (1921–2012) 1962-இல் உருவாக்கிய ‘லா ஜெத்தே’ அத்தகைய படைப்பு. ஓடும் நேரம் 28 நிமிடங்களே. அதனைத் திரைப்படம் என்னாது ‘புகைப்பட நாவல்’ என்றே அவர் குறித்தார். உலகப்போருக்குப் பின் இத்தாலியிலும் பிரான்சிலும் எளிய மக்கள் விரும்பிப் படித்த, நிழற்படங்களால் காதல் கதை சொன்ன மலிவு இதழ்களின் பெயர் அது. அப்பெயரைச் சூட்டிக்கொள்ள அவர் நாணவில்லை.

இத்துறையில் அவர் முதல்வரல்லர். காலின் லோ, உல்ஃப் கோனிக் இருவரும் கனடாவில் இயக்கிய ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ (1957), தங்கவேட்டைக் காலத்து டாசன் நகரின் பழைய நிழற்படங்கள்மீது காமிராவை மெல்ல நகர்த்தி அந்நகரை மீட்டெடுத்தது. ஆயின் அது கிடைத்த படங்களால் எழுந்த வரலாறு. மார்க்கரோ ஒரு கற்பனைக் கதைக்கென்றே படங்களைப் புதிதாக எடுத்தார்.

கதை நினைவைப் பற்றியது. ஓர்லி விமான நிலையத்தின் பார்வையாளர் மேடையில் சிறுவன் ஒருவன் ஒரு பெண்ணின் முகத்தையும், ஒரு மனிதன் வீழ்ந்து இறப்பதையும் காண்கிறான். மூன்றாம் உலகப்போரில் பாரிஸ் அழிகிறது. எஞ்சியோர் நிலத்தடியில் வாழ்கின்றனர். அங்கே சோதனையாளர்கள் ஜெர்மன் மொழியில் கிசுகிசுக்கின்றனர். நாஜி ஆக்கிரமிப்பை அறிந்த தலைமுறைக்கு அவ்வொலி ஒன்றே போதும். வளர்ந்துவிட்ட அச்சிறுவனை அவர்கள் கடந்த காலத்திற்கு அனுப்புகின்றனர். அவன் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம், அந்த ஒற்றை முகத்தை அவன் விடாது பற்றியிருந்ததே. நினைவில் நிற்பது ஓட்டமன்று, நின்ற படம். ஆகவே இக்கதைக்கு இவ்வடிவம் வறுமையால் வாய்த்தது என்று மட்டும் கூறுவது பொருந்தாது.

திரையில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு நிழற்படத்தை ஐந்து நொடி நிறுத்த வேண்டுமெனில் அதனையே 120 சட்டங்களில் பதிக்க வேண்டும். எதனை எவ்வளவு நேரம் நிறுத்துவது, எதனை அடுத்ததில் கரைப்பது, எதனைச் சட்டென வெட்டுவது என்பதே இங்கு யாப்பு. அடி எங்கே முறிய வேண்டும் எனத் தயங்கிய கவிஞருக்கு இத்தயக்கம் புதிதன்று. பேசும் குரலும் ஒன்றே. கதைமாந்தர் எவரும் திரையில் வாய்திறந்து உரையாடுவதில்லை.

இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவே ஓரிடம் உண்டு. அப்பெண் உறங்குகிறாள். ஒரு படம் மற்றொன்றில் கரைய, தலையணைமீது அவள் முகம் சிறிது சிறிதாக நிலைமாறுகிறது. பறவைகளின் ஒலி பெருகுகிறது. கரைதல் விரைவுறுகிறது. அவள் கண் விழித்து, நம்மை நோக்கி, இமைக்கிறாள். இந்தச் சில நொடிகள் மட்டுமே மெய்யான இயக்கம். மற்றவற்றை நிழற்படக் காமிராவால் எடுத்த மார்க்கர், இதனை மட்டும் 35 மி.மீ. திரைப்படக் காமிராவால் பதிவு செய்தார். அதுவரை அவனது நினைவாக இருந்தவள் அப்போதுதான் தனக்கென ஓர் உயிருடையவள் ஆகிறாள். கவனமற்ற பார்வையாளர் இதனைத் தவறவிடுவதும் உண்டு.

1995-இல் டெர்ரி கில்லியம் இக்கதையைத் தழுவி ‘ட்வெல்வ் மங்கீஸ்’ எடுத்தார். அதில் எல்லாமே அசைந்தமையால், அந்த இமைப்புக்கு இடமில்லாது போயிற்று.